படைப்பிரிவு அருங்காட்சியகத்தை மானிய நிதியில் புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ரெஜிமென்ட் மியூசியங்கள் உள்ளன. ஒன்று கோட்டையின் ஒரு மூலையில் இருக்கும், இன்னொன்று விக்டோரியா காலத்துப் படைமுகாமின் வாசல் கட்டடத்தில் இருக்கும். பலவற்றில் காட்சிப்பேழைகள் நாற்பது ஐம்பது வருடப் பழசு. சம்பளத்துக்கு ஒரே ஒரு காப்பாட்சியர், மற்றதெல்லாம் தன்னார்வலர்கள். ‘லாட்டரி நிதி வாங்கிப் புதுப்பித்துவிடலாம்’ என்ற பேச்சு எழுந்ததும் ஒரே வகைச் சந்தேகங்கள் வரிசைகட்டி வருகின்றன. அங்கே வேலை பார்க்கும், தன்னார்வம் செய்யும், மியூசியம் படிப்புக்குப் போன தமிழர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். சட்ட விவரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸுக்குப் பொருந்துபவை. மானிய விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள வழிகாட்டியை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

ரெஜிமென்ட் மியூசியம்னா ராணுவமே நடத்துறதா?

பெரும்பாலும் இல்லை. நடத்துவது ஓர் அறக்கட்டளை. அறங்காவலர்களில் பலர் அந்தப் படைப்பிரிவின் ஓய்வுபெற்ற அதிகாரிகள். கட்டடம் நகராட்சியுடையதாகவோ வேறோர் அறக்கட்டளையுடையதாகவோ இருக்கும். சில மியூசியங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் காப்பாட்சியர் சம்பளம் போன்ற உதவிகளைச் செய்கிறது, ஆனால் அந்த உதவி சுருங்கிக்கொண்டே வருகிறது.

காரணம் எளிது. 1881 சீர்திருத்தத்தில் உருவான மாவட்டப் படைப்பிரிவுகள் பின்னர் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுவிட்டன. டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரி 1968-இல் தனிப் படைப்பிரிவாக இல்லாமல் போனது. படை இல்லை, அதன் பொருட்கள் மட்டும் இருக்கின்றன. இப்படிப்பட்ட மியூசியங்களுக்கு ஆலோசனைக்கென்றே 1954-இல் ஆர்மி மியூசியம்ஸ் ஓகில்பி டிரஸ்ட் தொடங்கப்பட்டது. எதையும் தொடங்கும் முன் அவர்களிடம் பேசுங்கள்.

லாட்டரி நிதின்னா யாரு, எவ்வளவு கொடுப்பாங்க?

லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கைப் பாரம்பரியத் திட்டங்களுக்குப் பிரித்துத் தரும் நேஷனல் லாட்டரி ஹெரிடேஜ் ஃபண்ட். 1994-இல் தொடங்கி, 2019-இல் இந்தப் பெயருக்கு மாறியது. இரண்டு பெரிய படிகள் உண்டு: 10,000 முதல் 2,50,000 பவுண்டு வரை ஒன்று, 2,50,000 முதல் 1 கோடி பவுண்டு வரை மற்றொன்று. சின்னதற்கு ஒரே விண்ணப்பம். பெரியதற்கு முதலில் விருப்ப மனு, அவர்கள் அழைத்தால் முழு விண்ணப்பம், அதுவும் இரண்டு கட்டமாக.

அளவு புரிய ஓர் உதாரணம். லண்டன் செல்சியில் உள்ள நேஷனல் ஆர்மி மியூசியம் 2014-இல் மூடி 2017 மார்ச்சில் திறந்தது. மொத்தச் செலவு 2.375 கோடி பவுண்டு, அதில் லாட்டரி நிதி 1.15 கோடி. ஒரு மாவட்டப் படைப்பிரிவு மியூசியம் அந்த அளவை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். உல்ஃப்சன், கார்ஃபீல்ட் வெஸ்டன், பில்கிரிம் போன்ற அறக்கட்டளைகளையும் சேர்த்துத்தான் நிதி திரட்ட வேண்டியிருக்கும்.

பழைய ஷோகேஸை மாத்தணும், அவ்வளவுதான். அதுக்குத் தருவாங்களா?

அதற்கு மட்டும் என்றால் கிடைப்பது கடினம். நான்கு கொள்கைகளை வைத்து எடைபோடுகிறார்கள்: பாரம்பரியத்தைக் காப்பது, சுற்றுச்சூழலைப் பேணுவது, எல்லோரையும் உள்ளே சேர்ப்பது, நிறுவனம் தன் காலில் நிற்பது. ஷோகேஸ் முதல் கொள்கைக்குள் மட்டும்தான் வரும். ‘இந்த ஊரில் ராணுவத் தொடர்பே இல்லாத குடும்பம் எதற்காக இங்கே வரும்’ என்ற கேள்விக்கு உங்கள் விண்ணப்பத்தில் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைக் கணினி முன் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. பள்ளிக்கும் நூலகத்துக்கும் சந்தைக்கும் போய், இதுவரை உள்ளே வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள்.

முதல்ல யாரைப் பிடிக்கணும், ஆர்க்கிடெக்டையா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: வரைபடத்துக்கு முன் பொருட்பட்டியல். உங்களிடம் என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யாருடையது, எந்த நிலையில் இருக்கிறது என்ற நான்கும் தெரியாமல் வரையும் எந்தக் காட்சிக்கூடமும் பாதியில் மாறும். பாதியில் மாறும் ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தக்காரர் தனியாகப் பில் போடுவார்.

பழைய சேர்க்கைப் பதிவேட்டை (மியூசியத்துக்கு வந்த பொருட்களைக் குறித்த ஏடு) எடுத்துக்கொண்டு, ஒரு பொருள் விடாமல் கையில் வைத்துச் சரிபாருங்கள். பிரிட்டன் மியூசியங்கள் பின்பற்றும் ஸ்பெக்ட்ரம் நெறிமுறையில் இருப்பறிதல் என்றே ஒரு நடைமுறை உண்டு. ஒரு பொருளுக்கு அதில் கேட்கும் குறைந்தபட்சத் தகவல் போதும்: எண், பெயர், இடம், சிறு விவரம், ஒரு படம். இரண்டு பேர் கொண்ட ஒரு குழு நாளுக்கு 40 பொருள் முடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 8,000 பொருளுக்கு 200 வேலை நாள், அதாவது பத்து மாதம். இதனால்தான் இந்த வேலையை விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறோம்.

பதிவேட்டில் ‘மேஜரின் விதவை, லோன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. இது யாருடையது?

உங்களுடையது அல்ல என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ரெஜிமென்ட் மியூசியங்களில் இது மிகப் பெரிய தலைவலி. மெடல்கள் குடும்பத்தாருடையவை, வெள்ளிப் பாத்திரங்கள் அதிகாரிகள் மெஸ்ஸுக்குச் சொந்தம், சில துப்பாக்கிகள் பாதுகாப்பு அமைச்சகச் சொத்து, ஓவியம் நகராட்சியுடையது. எல்லாம் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்.

பட்டியல் எடுக்கும்போதே உரிமை என்று ஒரு கட்டம் சேர்த்து நான்கே குறியீடு வையுங்கள்: நம்முடையது, கடன், பிறர் சொத்து, தெரியவில்லை. கடன் பொருட்களுக்கு வாரிசைத் தேடிக் கடிதம் எழுதி, முடிவுத் தேதியுள்ள புதிய ஒப்பந்தம் போடுங்கள். திறப்பு விழாவுக்கு நடுக்காட்சியாக வைக்கப்போகும் பொருள் ‘தெரியவில்லை’ கட்டத்தில் இருக்கவே கூடாது. நாளை பேரன் வந்து கேட்டால் பேழையே காலியாகிவிடும்.

எங்க டிரஸ்ட் ரொம்ப வருஷமா பதிவுபெற்றது. அதுவே விண்ணப்பிக்கலாமில்லையா?

விண்ணப்பிக்கலாம். ஆனால் அது நிறுவன வடிவம் பெறாத பழைய பாணி டிரஸ்ட் என்றால், கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அறங்காவலர்கள் தனிநபர்களாகத்தான். கடன் மிஞ்சினால் அது அவர்கள் தலையில் விழலாம். ஓய்வூதியத்தில் வாழும் எண்பது வயதுக்காரரை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 முதல் சி.ஐ.ஓ. எனும் அறநிறுவன வடிவம் இருக்கிறது. பொறுப்பு நிறுவனத்தோடு நிற்கும். மானிய ஒப்பந்தத்துக்கு முன்பே அதற்கு மாறிவிடுங்கள். நடுவில் மாறினால் மானியம், குத்தகை, காப்பீடு, அங்கீகாரம் எல்லாவற்றையும் புதிய பெயருக்கு மாற்ற வேண்டிவரும்.

கூடவே குத்தகையையும் பாருங்கள். கட்டட வேலை உள்ள பெரிய திட்டத்துக்கு, வேலை முடிந்த பிறகும் நீண்ட காலம் மீதமுள்ள குத்தகையை எதிர்பார்ப்பார்கள். 20 ஆண்டு என்று வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பானது. வீட்டுக்காரர் இடையில் முறித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து இருந்தால் ஏற்க மாட்டார்கள்.

மியூசியம் அக்ரெடிட்டேஷன் கட்டாயமா?

ஒரு மியூசியம் உரிய தரத்தில் நடக்கிறது என்பதற்கான அங்கீகாரம் அது. லாட்டரி நிதிக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் பல அறக்கட்டளைகள் அது இல்லாமல் படிவத்தையே திறக்க விடாது. இங்கிலாந்தில் ஆர்ட்ஸ் கவுன்சில் இதைப் பார்த்துக்கொள்கிறது. மேலே சொன்ன பட்டியலும் நிர்வாக வடிவமும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு கட்டம்னு சொல்றாங்களே, அது என்ன?

முதல் கட்டம் திட்டத்தை வளர்ப்பது, இரண்டாவது அதைச் செய்து முடிப்பது. முதல் கட்டத்துக்கு என்று தனியாகச் சிறு தொகை தருவார்கள். அதில் வடிவமைப்பாளர், செலவு மதிப்பீட்டாளர், பொருட்பாதுகாப்பு வல்லுநர் (கன்சர்வேட்டர்) ஆகியோரை அமர்த்தி வடிவமைப்பை ஆர்.ஐ.பி.ஏ. எனும் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகம் வகுத்த மூன்றாம் நிலை வரை கொண்டுபோக வேண்டும். அந்த நிலைக்குள் அறை அளவு, மின்னிணைப்பு, காட்சி வரிசை எல்லாம் தீர்மானமாகிச் செலவும் கணக்கிடப்பட்டிருக்கும். கூடவே செயல்பாட்டுத் திட்டம், பராமரிப்புத் திட்டம், வணிகத் திட்டம் ஆகியவையும் தயாராக வேண்டும்.

முதல் கட்டம் கிடைத்துவிட்டால் இரண்டாவதும் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மறுபடியும் போட்டிதான். அந்தச் சில மாத இடைவெளியில் திட்ட மேலாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை முன்பே யோசியுங்கள். நல்ல ஆள் வேறு வேலைக்குப் போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

நம்ம கைக்காசு எவ்வளவு போடணும்?

2,50,000 முதல் 10 லட்சம் பவுண்டுக்குள் கேட்டால் திட்டச் செலவில் குறைந்தது 5 சதவீதம், 10 லட்சமோ அதற்கு மேலோ கேட்டால் குறைந்தது 10 சதவீதம். மொத்தச் செலவு 20 லட்சம், கேட்பது 14 லட்சம் என்றால் விதிப்படி 2 லட்சம் காட்டினால் போதும், ஆனால் கணக்குப்படி மீதி 6 லட்சமும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். படைப்பிரிவுச் சங்கம், பழைய வீரர்களின் நன்கொடை, உயில் சொத்து ஆகியவைதான் இங்கே கைகொடுக்கும். தன்னார்வலர்களின் உழைப்பையும் பணமதிப்பில் காட்ட வழியுண்டு. அதனால் முதல் நாளிலிருந்தே நேரக் குறிப்பேடு வையுங்கள்.

வாட் வரியைச் சேர்க்காம பட்ஜெட் போட்டுட்டோம். பெரிய பிரச்சனையா?

பெரிய பிரச்சனைதான். 12 லட்சம் பவுண்டு கட்டட வேலைக்கு 20 சதவீதம் என்றால் 2,40,000. தன்னார்வ அறங்காவலர்கள் நடத்தும் மியூசியத்தின் நுழைவுக் கட்டணத்துக்குப் பண்பாட்டு விலக்கு உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விலக்குள்ள வருமானத்துக்காகச் செலவழித்த வாட்டைத் திரும்பப் பெற முடியாது. கட்டணமே இல்லாமல் வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் திறந்திருக்கும் மியூசியங்களுக்கு 1994 வாட் சட்டத்தின் 33ஏ பிரிவில் திரும்பப் பெறும் வழி உண்டு. ஆனால் அரசாணைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், அது ஒரு வாரத்தில் நடக்கிற வேலையல்ல.

இன்னொரு பழைய நம்பிக்கையும் உண்டு: ‘பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தை மாற்றினால் வாட் கிடையாது’ என்பது. அந்தச் சலுகை 2012 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஒரு வாட் ஆலோசகருக்கு ஒரு நாள் கட்டணம் கொடுத்து முதல் கட்டத்திலேயே எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

மானியம் கிடைச்சாச்சு. தெரிஞ்ச கான்ட்ராக்டர் இருக்கார், நாளைக்கே ஆரம்பிக்கலாமா?

இரண்டு காரணத்தால் கூடாது. ‘தொடங்க அனுமதி’ என்று ஒரு தனிப் படி இருக்கிறது. வங்கி விவரம், உரிமைச் சான்று, மற்ற நிதி உறுதிக் கடிதங்கள் எல்லாம் கொடுத்து அதை வாங்கும் முன் செய்த செலவு உங்கள் கைச்செலவு. அடுத்தது, 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வேலைக்கும் பொருளுக்கும் குறைந்தது மூன்று டெண்டரோ கொட்டேஷனோ வேண்டும். 50,000-க்கு மேல் போட்டி முறையில்தான் எடுத்தீர்கள் என்பதற்கு ஆவணமும் வேண்டும். தெரிந்தவரும் போட்டியில் கலந்துகொள்ளட்டும். அறங்காவலருக்கு அவர் உறவினர் என்றால் அந்த அறங்காவலர் முடிவெடுக்கும் கூட்டத்தில் இருக்கக் கூடாது, அதுவும் குறிப்பில் எழுதப்பட வேண்டும்.

துப்பாக்கிகளைப் புதுக் கூடத்துக்கு மாத்தறதுக்கும் லைசென்ஸ் வேணுமா?

வேண்டும். 1988 துப்பாக்கிச் சட்டத் திருத்தத்தின்படி மியூசியத்துக்கென்று தனி உரிமம் உண்டு. உரிமம் குறிப்பிடும் கட்டடத்துக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கும்தான் அது செல்லும். ஸ்டோர் வேறு கட்டடம் என்றால் அதையும் சேர்க்க வேண்டும். காவல்துறையின் துப்பாக்கி அதிகாரியை வரைபட நிலையிலேயே கூப்பிட்டுக் காட்டுங்கள். கதவு, கம்பி, அலாரம் பற்றி அவர் சொல்வது வரைபடத்தை மாற்றும்.

எது உரிமத்துக்குள் வரும் என்பதில் குழப்பம் அதிகம். மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் .577/450 தோட்டா வழக்கொழிந்தவற்றின் பட்டியலில் உள்ளது, எனவே காட்சிப் பொருளாக மட்டும் வைத்திருந்தால் அந்தத் துப்பாக்கி பழம்பொருள். ஆனால் முதல் உலகப் போரின் .303 லீ-என்ஃபீல்ட், எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், செயலிழப்புச் சான்றிதழ் இல்லையென்றால் சட்டப்படி முழுத் துப்பாக்கி. வெப்லி போன்ற ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட பிரிவுக்குள் போகும். ‘சுடும் ஊசியை எப்போதோ எடுத்துவிட்டார்கள்’ என்பது சட்டத்தின் முன் நிற்காது.

ஸ்டோரைக் காலி பண்ணும்போது கையெறிகுண்டு ஒண்ணு கிடைச்சுது. வெறும் கூடுதானே?

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அறையைப் பூட்டிவிட்டுக் காவல்துறையைக் கூப்பிடுங்கள். வெடிபொருள் இல்லை என்ற எழுத்துச் சான்று இல்லாத எதுவும் உயிருள்ளது என்றுதான் கொள்ள வேண்டும்.

குண்டைவிட அமைதியான ஆபத்துகள் அதிகம். இரண்டாம் உலகப் போர்க் கால காஸ் மாஸ்க்குகளின் வடிகட்டியில் நீல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். குழந்தைகளுக்கு மாட்டிவிட்டுப் படம் எடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். தனியாகப் பைக்குள் போட்டு முத்திரையிட்டு, உரிமம் பெற்றவரிடம் காட்டுங்கள். இருட்டில் ஒளிர்ந்த திசைகாட்டிகளிலும் கடிகாரங்களிலும் ரேடியம் இருக்கும். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. நிறையத் திசைகாட்டிகள் காற்றோட்டமில்லாத ஒரே அலமாரியில் இருந்தால் ரேடான் வாயு சேரும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டணத்தை முதல் கட்ட பட்ஜெட்டில் சேர்க்கலாம்.

கட்டட வேலை நடக்கும்போது பொருட்களைத் தார்ப்பாய் போட்டு மூடினால் போதாதா?

போதாது. சுவரை இடிக்கும் தூசி, பூச்சு காயும் ஈரம், வெல்டிங் பொறி மூன்றும் தார்ப்பாய்க்குக் கட்டுப்படுவதில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கண்காணிக்கப்படும் வேறிடத்தில் வையுங்கள். வாடகை, காப்பீடு, பெட்டி, அமிலமற்ற தாள், வண்டி, திரும்பக் கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் தனி வரிசையாகப் போடுங்கள். வேலை தாமதமானால் கூடுதலாக ஆறு மாத வாடகையும் அதில் இருக்கட்டும். பீரங்கி இருந்தால் முதலில் வெளியேறுவதும் கடைசியில் உள்ளே வருவதும் எப்போது, எந்த வாசலில் என்பதைத் தீர்மானியுங்கள். 25 பவுண்டர் எனும் பீரங்கி ஒன்றே 1,600 கிலோவுக்கு மேல், கட்டமைப்புப் பொறியாளர் தரையைப் பார்க்காமல் அதை உருட்டக் கூடாது.

தீ என்ன செய்யும் என்பதற்கு கிளாண்டன் பார்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 29 அன்று மின்பலகைக் கோளாறால் அந்த மாளிகை எரிந்தது. அதற்குள் இருந்த சர்ரே படைப்பிரிவுகளின் மியூசியமும் சேர்ந்து போனது. அங்கே கட்டட வேலை எதுவும் காரணமில்லை, சாதாரண நாள் அது. எனவே எதை முதலில் தூக்குவது என்ற பட்டியல் உங்கள் கோப்பில் மட்டும் இருந்தால் பயனில்லை. தீயணைப்பு நிலையத்திலும் ஒரு நகல் இருக்க வேண்டும்.

புது ஷோகேஸில் வைத்த வெள்ளி மெடல் ஆறே மாசத்துல கருத்துப்போச்சு. பாலிஷ் போட்டது சரியில்லையா?

பாலிஷ் குற்றமில்லை. பேழைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளியால் ஆன பிரிட்டிஷ் வார் மெடலுக்குப் பக்கத்தில் சிவப்புக் கம்பளிச் சட்டை இருக்கிறதா? பின்பலகையில் ஃபெல்ட் ஒட்டியிருக்கிறதா? கம்பளியும் ஃபெல்ட்டும் மெல்லக் கந்தக வாயுவை விடும். முதலில் ஓரத்தில் தேன் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா கலந்த கறுப்பு. பேழை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறதோ அவ்வளவு வேகமாக நடக்கும், ஏனென்றால் வாயு வெளியே போக வழியில்லை. காற்றுக் கசிவு குறைந்த விலையுயர்ந்த பேழையை வாங்கிவிட்டு உள்ளே தவறான பலகை வைப்பது பணத்தைக் கொடுத்து நஞ்சை அடைப்பது போல.

ஈயத்தில் இன்னும் மோசம். எம்.டி.எஃப். பலகையும் ஓக் மரமும் விடும் அமில ஆவியால் மஸ்கட் குண்டுகளும் ஈயப் பொம்மைச் சிப்பாய்களும் வெள்ளைப் பொடியாக உதிரும். காட்சி மாதிரியில் ஒரு சிப்பாயின் கால் மடங்கியிருந்தால் குழந்தை தட்டிவிட்டது என்று நினைக்காமல் பலகையைச் சந்தேகியுங்கள்.

தீர்வு டெண்டர் ஆவணத்திலேயே தொடங்குகிறது. பேழைக்குள் போகும் பலகை, துணி, பசை, பெயின்ட், ரப்பர் எல்லாவற்றுக்கும், அவை உலோகத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ‘ஆடி’ (Oddy) சோதனையின் முடிவு வேண்டும் என்று எழுதுங்கள். மாதிரியை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு மூடிய குடுவையில் ஈரத்தோடு 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு பெயின்ட் அடித்த பேழையைத் திறந்தபடி குறைந்தது நான்கு வாரம் ஆறவிட வேண்டும். திறப்பு விழா நெருங்கும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது இந்த நான்கு வாரத்தைத்தான். வெட்ட விடாதீர்கள். மதிப்புமிக்க மெடல் பேழைக்குக் கண்ணாடி குறைந்தது 11.5 மில்லிமீட்டர் லேமினேட்டாக இருக்கட்டும், பெரிய மியூசியங்களிடமிருந்து அரசு உத்தரவாதத்தில் பொருட்களைக் கடன் வாங்கவும் அது உதவும்.

படைக்கொடிகளை முன்னே இருந்த மாதிரி கம்பத்திலேயே தொங்கவிடலாமா?

கூடாது. பழைய பட்டுக் கொடியின் எடை முழுவதையும் மேல்விளிம்பின் சில இழைகள் தாங்குகின்றன. கொடிக்குக் கீழே பேழைத் தரையில் பொன்னிறத் தூள் தெரிந்தால் அதைத் துடைக்காதீர்கள், கன்சர்வேட்டரைக் கூப்பிடுங்கள். அது தூசியில்லை, கொடிதான். படுக்கை நிலையிலோ தாழ்ந்த சாய்விலோ, முழு அடித்தாங்கலோடு வைக்க வேண்டும்.

வெளிச்சம் 50 லக்ஸுக்கு (ஒளியளவின் அலகு) மேல் வேண்டாம். நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. ஜன்னலோரம் 200 லக்ஸ் விழுந்தால் இதே வருட அளவை 75 நாளில் தின்றுவிடும். இழந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த மானியமும் உதவாது. பார்வையாளர் வரும்போது மட்டும் எரியும் சென்சார் விளக்கு பாதி வேலையைச் செய்துவிடும்.

திரும்பக் கொண்டுவரும் சீருடையில் அந்துப்பூச்சி இருந்தா?

புதுக் கூடத்துக்குள் எந்தக் கம்பளியும், தோலும், கரடித்தோல் தொப்பியும் நேராக நுழையக் கூடாது. பாலிதீனில் காற்றுப்போகாமல் சுற்றி மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள், அல்லது மைனஸ் 18-இல் இரண்டு வாரம் உறையவையுங்கள். எடுத்தவுடன் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் ஈரம் படியும். ஓவியம், தந்தம், ஒட்டுவேலை உள்ளவற்றை உறையவைக்கும் முன் கன்சர்வேட்டரைக் கேளுங்கள்.

‘ரெஜிமென்ட் பேரையே மறைச்சுட்டீங்க’ன்னு பழைய வீரர்கள் கோபப்படுறாங்க. என்ன பண்றது?

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பேழைகளில் இருப்பது அவர்களுடைய நண்பர்களின் பெயர்கள். தலைகால் தெரியாமல் எல்லாவற்றையும் தொடுதிரையாக மாற்றினால் அந்தப் பெயர்கள் ஒரு மெனுவுக்குள் போய்விடும். திரை பழுதானால் அதுவும் இல்லை.

அதே நேரம், பட்டாலியன் எண்களும் போர்க்களப் பெயர்களும் மட்டுமே நிறைந்த 300 சொல் பலகையை வெளியாள் யாரும் படிப்பதில்லை. பெரிய பலகைக்கு 100 முதல் 150 சொல், பொருள் அட்டைக்கு 50 சொல் என்று எல்லை வைத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு ஆளில் தொடங்குங்கள்: எந்த ஊர், என்ன வேலை விட்டுப் படையில் சேர்ந்தார், என்ன நடந்தது. பட்டாலியன் விவரம் அடுத்த அடுக்கில், தேடுபவருக்குக் கிடைக்கும்படி இருக்கட்டும். நினைவேட்டுக்கு அமைதியான தனி மூலை வேண்டும். வரைவு உரையை அச்சுக்கு அனுப்பும் முன் பழைய வீரர்கள் இருவர், ராணுவமே தெரியாத இருவர் சத்தமாகப் படித்துப் பார்க்கட்டும்.

இந்தியாவில் கைப்பற்றிய பொருட்கள் இருக்கு. அதைக் காட்டலாமா, கேட்டால் திருப்பணுமா?

பல பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் கதையில் நம் மண் இருக்கிறது. டோர்செட்டின் 39-ஆம் படைப்பிரிவு 1754-இல் இந்தியா வந்த முதல் பிரிட்டிஷ் அரசப் படை, ‘இந்தியாவில் முதலில் வந்தவர்’ என்பது அதன் இலத்தீன் முழக்கம். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது உள்ளே இருந்தது 69-ஆம் படைப்பிரிவு, அது 1881-இல் வெல்ஷ் ரெஜிமென்டில் சேர்ந்தது. அந்தப் பாரம்பரியத்தின் மியூசியம் கார்டிஃப் கோட்டையில் உள்ளது. 1799 ஸ்ரீரங்கப்பட்டினக் கொள்ளையில் போனவை பல கைகளுக்குப் பரவின. இவற்றை வெறும் வெற்றிச் சின்னமாக எழுதினால் வேலூரில் இருந்து வந்த பார்வையாளர் முன் அந்த அட்டை பாதி உண்மையாக நிற்கும். இரு தரப்பிலும் இறந்தவர்களைச் சொல்லுங்கள். எப்படிக் கிடைத்தது என்பதை ‘பரிசு’, ‘நினைவுப்பொருள்’ என்று மழுப்பாமல் தெரிந்த அளவுக்கு நேராக எழுதுங்கள்.

திருப்பித் தருவது பற்றி இங்கிலாந்து ஆர்ட்ஸ் கவுன்சில் 2022-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கோரிக்கை வந்த பிறகு பதறாமல், யார் பதில் சொல்வது, என்ன ஆராய்வது, எத்தனை நாளில் என்பதை இப்போதே கொள்கையாக எழுதுங்கள். மனித உடற்கூறு எதுவும் இருந்தால் அது முதலிடம். நேஷனல் ஆர்மி மியூசியம் 2019-இல் எத்தியோப்பியப் பேரரசர் தெவோட்ரோஸின் தலைமுடியைத் திருப்பித் தந்தது.

வீரர்கள் எழுதிய கடிதங்களை ஸ்கேன் பண்ணி இணையத்துல போடலாமா? நூறு வருஷம் ஆச்சே.

கடிதத்தாள் உங்களிடம் இருந்தாலும் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. பிரிட்டனில் வெளியிடப்படாத பழைய எழுத்துகள் பலவற்றுக்கு, எழுதியவர் 1916-இல் இறந்திருந்தாலும், 2039 முடியும் வரை உரிமை உண்டு. லாட்டரி நிதியில் உருவாகும் டிஜிட்டல் ஆக்கங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. பிறர் உரிமையை நீங்கள் திறந்துவிட முடியாது. எனவே உரிமை தெளிவான கடிதங்களை முதலில் எடுங்கள், மற்றவற்றுக்கு விதிவிலக்கு கேளுங்கள் அல்லது உரிமையாளர் தெரியாத படைப்புகளுக்கான உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.

வேலை முடிஞ்சு திறந்தாச்சு. ஆனா கையில காசே இல்லையே?

கடைசி 10 சதவீதத்தை முடிவறிக்கையும் மதிப்பீட்டு அறிக்கையும் ஏற்கப்படும் வரை வைத்துக்கொள்வார்கள். 14 லட்சம் மானியத்தில் அது 1,40,000. ஒப்பந்தக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். மாதவாரிப் பணவரவுக் கணக்கை முதல் நாளே போட்டு, பள்ளம் விழும் மாதங்களுக்கு ஒரு கடன் ஏற்பாடு செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய பள்ளம் இரண்டாம் ஆண்டில் வரும். திறந்த வருடக் கூட்டத்தை வைத்துப் போட்ட வணிகத் திட்டம் அங்கே விழும், மின்கட்டணமும் சம்பளமும் மட்டும் கூடியிருக்கும். ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படைப்பிரிவுக்கு நெடுங்காலம் இடம் கொடுத்த நாட்டிங்ஹாம் கோட்டை, 3 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து 2021 ஜூனில் திறந்தது. நடத்திய டிரஸ்ட் 2022 நவம்பரில் கலைந்து கதவு மூடியது. 2023-இல் நகராட்சி மறுபடி திறந்தது. பார்வையாளர் எண்ணிக்கையை மூன்று விதமாகப் போடுங்கள், மிகக் குறைந்ததிலும் சம்பளம் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் கட்டடத்தைச் சுருக்குங்கள்.

மானிய ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே மூட வேண்டி வந்தால் பொருட்கள் என்னாகும்?

மானியம் கொடுத்தவரிடம் உடனே சொல்ல வேண்டும். மானியத்தில் வாங்கிய அல்லது கட்டிய எதையும் அனுமதியின்றி விற்றால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பொருட்களை விற்று அடைப்பதும் வழியல்ல, அது அங்கீகாரத்தையும் கொடையாளர் நம்பிக்கையையும் சேர்த்து இழக்க வைக்கும்.

டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரி மியூசியம் 2016-இல் மூடப்பட்டது. ஆனால் சேகரிப்பு சிதறவில்லை. ஸ்டோருக்குப் போய்ப் பராமரிக்கப்பட்டு, 2024-இல் டர்ஹாமில் திறந்த ‘தி ஸ்டோரி’ மையத்தில் மறுபடி இடம் பெற்றது. உங்கள் அறக்கட்டளை ஆவணத்தின் கலைப்பு ஷரத்தை இப்போதே எடுத்துப் படியுங்கள். ‘இதே நோக்கமுள்ள அங்கீகரிக்கப்பட்ட மியூசியத்துக்குச் சேகரிப்பு போகும்’ என்ற வரி அதில் இல்லையென்றால், சி.ஐ.ஓ.வாக மாறும்போது அதை எழுதிச் சேர்த்துவிடுங்கள். உரிமைக் கட்டத்தில் ‘கடன்’ என்று குறித்தவை அந்த வரிக்குள் வராது, அவற்றின் வாரிசு முகவரிகள் தனிக் கோப்பில் இருக்கட்டும்.